நல்லூரில் வாடகை வீடு: வாங்குமுன் சில வார்த்தைகள்

நல்லூரில் ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விடலாமா என்று நம் வியாபாரிகள் பலர் கேட்கிறார்கள். கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாள். அந்நாட்களில் அறைக்குக் கிராக்கிதான். ஆனால் அந்த 25 நாளை வைத்து வருடக் கணக்குப் போடக் கூடாது.

நான் அங்கு ஒரு வீட்டை, தெரிந்தவர் ஒருவருக்கு இரண்டு வருடத்துக்குக் கொடுத்தேன். முத்திரை ஒட்டிய தாளில் இரு சாட்சிகளுடன் கையொப்பம். போதும் என்று நினைத்தேன். தவணை முடிந்தும் அவர் எழும்பவில்லை, வாடகையும் நின்றது. சட்டத்தரணி தாளைப் பார்த்துத் தலையாட்டினார். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்படாவிட்டால் செல்லாது. இது 1840ஆம் ஆண்டுச் சட்டம்! வீட்டை விரைவாக மீட்க 2023இன் 1ஆம் இலக்கச் சட்டம் வழி தருகிறது. அதுவும் நொத்தாரிசு எழுதிப் பதிந்த குத்தகைக்கே. கடைசியில் சமரசம் பேசி, எட்டு மாத வாடகையை விட்டுக்கொடுத்தேன்.

வாங்கும்போதும் கவனம் வேண்டும். பல வளவுகளுக்கு உரித்தாளர்கள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். பிரிக்கப்படாத பங்கை ஒருவரிடம் வாங்கினால், மற்றப் பங்காளிக்குத் தேசவழமைப்படி முன்வாங்கும் உரிமை உண்டு. வடமாகாணக் காணி என்பதால் வாங்குபவர் முஸ்லிமானாலும் விலக்கில்லை. முறையான அறிவித்தல் கொடுத்தாயிற்றா என்று நொத்தாரிசிடம் கேளுங்கள்.

இப்போதுள்ள குடியிருப்பாளருடன் குத்தகையை எழுதிப் பதிந்துவிட்டேன். செலவு ஆளுக்குப் பாதி.