குருவிகள் போட்ட தோட்டம்

நம் வீட்டு முற்றத்தில், மல்லிகைப் பந்தலின் ஓரமாக, ஒரு மண்சட்டி தொங்குகிறது. சிட்டுக்குருவிகளுக்காகக் கட்டியது. கடையில் விற்கும் பறவைத் தீனியை நாள்தோறும் ஒரு பிடி அதில் போடுவது குழந்தைகளின் வேலை. குருவிகளோ தின்பது பாதி, இறைப்பது பாதி என்று வழக்கம் வைத்துக்கொண்டிருக்கின்றன. ஐப்பசி மழை ஓய்ந்ததும் பார்த்தால், சட்டியின் கீழே நாம் விதைக்காத தோட்டம் ஒன்று முளைத்திருந்தது!

"எல்லாம் களை, பிடுங்கி எறியுங்கள்" என்றாள் நம் வீட்டு அம்மாள்.

"பேர்கூடத் தெரியாமல் பிடுங்கலாமா, அப்பா?" என்றாள் மகள்.

பள்ளிக்கூடத்தில் தாவர சாஸ்திரம் போதிக்கும் நமக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: அவற்றில் ஒன்றின் பெயரும் நமக்குத் தெரியவில்லை.

வித்திலை ஒன்றா, இரண்டா என்று பார்த்தால் புல்லினம் எது, மற்றவை எவை என்று பிரிக்கலாம். அதற்கு மேல் முளைகள் வாய் திறப்பதில்லை. ஆகவே ஒரு யுக்தி செய்தோம். பொட்டலத்தில் மிச்சமிருந்த தீனியைத் தாம்பாளத்தில் கொட்டி, அரிசியில் கல் பொறுக்குவதுபோல் வகை பிரித்தோம். ஐந்து வகை தேறின. ஐந்தையும் தனித்தனித் தொட்டியில் ஊன்றிச் சீட்டுக் கட்டினோம். தொட்டியில் வளர்வதைத் தரையில் வளர்வதோடு ஒப்பிட வேண்டியதுதான் பாக்கி.

முதலில் பிடிபட்டது சூரியகாந்தி. விதையின் ஓட்டைக் குல்லாய்போல் தலையில் மாட்டிக்கொண்டே வெளிவந்தது. இலையோரத்தில் முள் வைத்தது குசும்பா. கம்பும் தினையும் கதிர் வந்த பிறகே தம்மைக் காட்டிக்கொடுத்தன. கம்பங்கதிர் மெழுகுவத்திபோல் நிமிர்ந்தது. தினைக்கதிர் நரிவால்போல் வளைந்தது. குறிஞ்சிப் பெண்கள் கிளி கடிந்து காத்த அதே தினை! அன்று பறவையினின்று காத்ததை இன்று பறவைக்கென்றே காசு கொடுத்து வாங்குகிறோம்.

கறுத்து மெலிந்த ஐந்தாவது விதை, இரட்டை இரட்டையாக இலை விட்டுப் பொன்னிறப் பூக்களைப் பூத்தது. கீரை விற்கும் பாட்டி பார்த்துவிட்டு, "இது பேய் எள்ளு, சாமி! எங்க பக்கம் எண்ணெய்க்கு விதைப்பாங்க" என்றாள். எத்தியோப்பியாவைத் தாயகமாகக் கொண்ட இந்த எள், இந்தியாவிலிருந்து கப்பலேறி அமெரிக்கப் பறவைகளுக்கும் இரையாகிறது. ஆனால், கலந்து வரும் களை விதைகள் சாகும்படி சூடேற்றிய பிறகே அந்நாட்டார் அதை உள்ளே விடுகிறார்கள்.

அந்த ஜாக்கிரதை வீணன்று என்பதை ஆறாவது செடி காட்டிற்று. எந்தத் தொட்டியிலும் இல்லாத செடி அது. காரட் இலைபோல் வெட்டுண்ட இலைகளைத் தரையோடு வட்டமாக விரித்திருந்தது. அழகாயிருக்கிறதென்று மகள் தினமும் தண்ணீர் வார்த்தாள். தண்டு எழுந்து வெண்மொட்டுகள் தோன்றியபோதுதான் நமக்குத் தூக்கிவாரிப்போட்டது. பார்த்தீனியம்! சாலையோரத்தில் அன்றாடம் காணும் விஷச்செடியை வீட்டுக்குள் கண்டபோது அடையாளம் தெரியவில்லை.

1950-களின் நடுவில் புனாவில் தென்பட்டுத் தேசமெங்கும் பரவிய இக்களை, அமெரிக்கக் கோதுமையோடு வந்ததாகக் கருதப்படுகிறது. தோலில் அரிப்பும் மூச்சுத் திணறலும் தர வல்லது. ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை கட்டும். நம் வீட்டுக்குத் தீனியோடு வந்ததோ, காற்றோடு வந்ததோ, கையில் உறை மாட்டிக்கொண்டு, பூ விரியுமுன் வேரோடு களைந்தோம். ஐரோப்பாவிலும் இதன் உறவான ஆம்புரோசியா என்னும் களை பறவைத் தீனி வழியே தோட்டங்களில் புகுந்தது. அதன் மகரந்தம் பலரைத் தும்மலிலும் இழுப்பிலும் வாட்டுவதால், ஒரு கிலோ தீனியில் அவ்விதை 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாதென்று 2012 முதல் அங்கே விதி செய்திருக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், சூரியகாந்தி, குசும்பா, பேய் எள், பார்த்தீனியம் நான்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை! முளையைப் பார்த்துக் குணத்தை எப்படிச் சொல்வது? ஆகையால் பெயர் தெரியுமுன் பிடுங்கவும் வேண்டாம். பெயர் தெரியாததை விதை கட்ட விடவும் வேண்டாம்.

தை பிறந்ததும் முற்றிய தினைக்கதிர்களை மகள் சட்டியருகே கட்டித் தொங்கவிட்டாள். குருவிகள் தங்கள் விளைச்சலைத் தின்றன. பாதியை வழக்கம்போல் கீழே இறைத்தன.