ஹிமா: எளியோருக்குத் திறந்த காவல் நிலம்

ஹலாலுக்கும் ஹராமுக்கும் இடையே ஐயத்திற்கிடமானவையும் உண்டு என்று விளக்கும் நபிமொழியை ஜும்ஆ பயான்களில் நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். காவல் நிலத்தின் ஓரத்திலேயே ஆடுகளை மேய்ப்பவன், என்றேனும் ஒருநாள் அதனுள்ளேயும் மேய்த்துவிடக்கூடும் என்னும் உவமையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதில் எடுத்தாண்டார்கள். அந்தக் காவல் நிலத்திற்கு அரபு மொழியில் வழங்கும் பெயர் 'ஹிமா' என்பதாகும். உவமையை மறவாத நாம், அந்நிலம் எவ்வாறு காக்கப்பட்டது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

அறியாமைக் காலத்தில் அரபுத் தலைவன் ஒருவன் செழிப்பான இடத்தைக் கண்டால், அங்குள்ள மேட்டில் நாயொன்றைக் குரைக்கச் செய்வான். அவ்வோசை எட்டும் தூரம் முழுவதும் அவனுக்கே உரியதாகிவிடும். பிறருடைய கால்நடைகள் அங்கே வாய் வைக்கலாகாது; அவனுடைய மந்தையோ எங்கும் மேயலாம். இந்த அநீதியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒழித்தார்கள். ஹிமா என்பது அல்லாஹ்வுக்கும் அவனுடைய தூதருக்கும் மட்டுமே உரியது என்று அறிவித்தார்கள். பொது நன்மைக்காகவன்றித் தன்னலத்திற்காக எவரும் நிலத்தை அடைத்து வைக்கலாகாது என்பதே இதன் கருத்து என மார்க்க அறிஞர்கள் விளக்கியுள்ளனர். மதீனாவுக்கு அப்பாலுள்ள 'நகீஃ' என்னும் இடம் முஸ்லிம்களின் குதிரைகளுக்காக இவ்வாறு காக்கப்பட்டது.

634 முதல் 644 வரை ஆட்சி புரிந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ரபதா முதலிய இடங்களையும் ஹிமாவாக்கினார்கள். தாம் விடுதலை செய்த ஹுனை என்பவரை ஹிமாவுக்குக் காவலராக நியமித்தபோது, அவர்கள் இட்ட கட்டளை ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. மக்களிடம் மென்மையாக நடக்க வேண்டும். அநீதி இழைக்கப்பட்டவனின் பிரார்த்தனைக்கு அஞ்ச வேண்டும். சில ஒட்டகங்களும் சில ஆடுகளுமே உடையவனை உள்ளே விட வேண்டும். ஆனால் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), உஸ்மான் (ரலி) போன்ற செல்வர்களின் மந்தைகளைத் தடுக்க வேண்டும். அவர்களுடைய கால்நடைகள் மடிந்தாலும் தோட்டங்களும் பேரீச்ச மரங்களும் அவர்களுக்கு உண்டு. ஏழையின் ஆடு மடிந்தால், அவன் பிள்ளைகளுடன் கலீஃபாவின் வாசலில் வந்து நிற்பான் என்பதே உமர் (ரலி) அவர்கள் கூறிய காரணம்.

எத்தகைய நீதி இது, பாருங்கள்! தடுக்கப்பட்டவர்கள் இருவரும் சொர்க்கத்திற்கு நன்மாராயம் கூறப்பெற்ற பதின்மரில் உள்ளவர்கள். ஆயினும் காவல் நிலத்தின் வேலி அவர்களுக்கே முதலில் அடைக்கப்பட்டது.

மக்காவின் ஹரம் எல்லைக்குள் வேட்டையாடுவது எக்காலமும் தடை செய்யப்பட்டதாகும். ஹிமாவோ மக்களின் தேவையை அளந்து வைக்கும் தடையாகும். அரபு மலைநாட்டில் சில ஹிமாக்களில் கால்நடைகளை விடமாட்டார்கள். வறட்சியில் மட்டும் புல்லை அறுத்துச் செல்ல அனுமதிப்பார்கள். சிலவற்றில் குறித்த பருவத்தில் மட்டுமே மேய்க்கலாம். தேனீக்களுக்கென ஒதுக்கியவற்றில் பூக்காலம் முடியும்வரை மேய்ச்சல் இல்லை. மரங்களைக் காப்பதற்கென்றே அமைந்தவையும் உண்டு. அந்தந்த ஊராரே இவற்றின் காவலராக இருந்தனர்.

1953ஆம் ஆண்டில் சவூதி அரசாங்கம் மேய்ச்சல் நிலங்களை அனைவருக்கும் பொதுவாகத் திறந்துவிட்டது. பாகுபாடு நீங்கவேண்டும் என்னும் நல்லெண்ணம் அதில் இருந்திருக்கலாம். ஆனால் காப்பவர் இல்லாத நிலத்தைப் பெருமந்தைகள் மேய்ந்து தீர்த்தன; பல ஹிமாக்கள் பாழாயின.

புல்லுக்கு நேர்ந்த கதி விலங்குக்கும் நேர்ந்தது. அரபுப் பாலையின் வெண்ணிற ஓரிக்ஸ் மான், வேட்டையால் 1972இல் காட்டிலிருந்து அற்றுப்போயிற்று. வளர்ப்பிடங்களில் எஞ்சியவற்றைக் கொண்டு ஓமன் நாடு 1982இல் அவற்றை மீண்டும் பாலையில் விட்டது. ஹராஸீஸ் குலத்தவர் காவலராயினர். 1996இல் 450ஆகப் பெருகிய மான்கள், தனிப் பண்ணைகளுக்கு விற்போர் பிடித்துச் சென்றதால் 65ஆகக் குறைந்தன. எண்ணெய் தேடுவதற்காகக் காப்பகத்தின் பரப்பும் பத்தில் ஒன்றாகச் சுருக்கப்பட்டது. ஆகவே 2007இல் யுனெஸ்கோ தன் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலிலிருந்தே அதனை நீக்கிவிட்டது. அவ்வாறு நீக்கப்பட்ட முதல் இடம் அதுவேயாகும்.

ஏழையின் ஆடு அந்நிலத்தை அழிக்கவில்லை. வசதி படைத்தோரின் ஆசையே அழித்தது. உமர் (ரலி) அவர்கள் அஞ்சியதும் இதனையே அன்றோ!

ஆயினும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. லெபனானில் 2004 முதல் கிராம மக்களின் பொறுப்பில் ஹிமாக்கள் மீண்டும் தோன்றியுள்ளன. கஃபர் ஸபத் என்னும் ஊரில், பறவைகள் வந்து தங்கும் சதுப்பு நிலம் அவ்வாறு காக்கப்படுகிறது.

அன்பார்ந்த வாசகர்களே! எந்தக் காவல் நிலத்தைக் கண்டாலும், வேலி எவ்வளவு உயரம் என்று பார்க்காதீர்கள். அது யாரைத் தடுக்கிறது, யாரை உள்ளே விடுகிறது என்று பாருங்கள். எளியவனை விரட்டி வலியவனுக்கு வழிவிடும் வேலி, குரைக்கும் நாயின் காலத்து வேலியே. அமானிதமாகத் தரப்பட்ட பூமியை நீதியுடன் காக்கும் நல்லருளை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.