மேட்டைக் கணக்கிட்டு மோட்டாரை வாங்குங்கள்

மின்சார மோட்டார் சைக்கிளில் முதலிட எண்ணும் வியாபாரிகளுக்கு

2022 ஜூன் இறுதியில் பெற்றோல் ஒரு லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறியது. அந்த விலை கொடுக்கத் தயாராக இருந்தவர்களுக்கும் அது கிடைக்கவில்லை. அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. அடுத்த மாதம் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்தது வாரத்துக்கு 4 லீற்றர். லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடும் வண்டி என்று வைத்துக்கொண்டாலும், ஏழு நாட்களுக்கு 160 கிலோமீற்றர்தான். நாலந்தா, நாவுல பக்கங்களில் தோட்டம் தோட்டமாகப் போய் மிளகும் கொக்கோவும் சேர்க்கும் ஒரு சிறு வியாபாரிக்கு இது எந்த மூலைக்குப் போதும்?

பங்கீட்டு முறை 2023 செப்டம்பரில் நீக்கப்பட்டது. ஆனால் அந்த நாட்கள் கற்றுத் தந்த பாடம் நீங்கவில்லை. பெற்றோல் டாங்கியை மட்டும் நம்பிய வியாபாரம், வரிசை வந்த அன்றே நின்றுபோகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறக்கப்பட்ட பின்னர், மின்சார வண்டிகளின் பக்கம் எமது வியாபாரிகளின் பார்வை திரும்பியிருப்பதில் வியப்பில்லை. இளைஞர்கள் ‘டர்ட் பைக்’ என்று அழைக்கும் மண்பாதை வண்டிக்கு மலைநாட்டில் தனி மவுசு உண்டு. சிலர் சொந்தத் தேவைக்கு வாங்க எண்ணுகிறார்கள். சிலர் மோட்டார், பெட்டரி, கொன்ட்ரோலர் மூன்றையும் தனித்தனியே தருவித்துப் பழைய சட்டகத்தில் பொருத்தி விற்க எண்ணுகிறார்கள்.

இரு சாராரும் பொதுவாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் உள்ள ‘3000 வொட்’ என்பதைப் பார்த்து விலை பேசிவிடுகிறார்கள். ஆனால் கணக்கு தொடங்க வேண்டிய இடம் பெட்டியல்ல, பாதை.

பாதை கேட்கும் பலம் எவ்வளவு?

நாலந்தா மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் நடுவே ஏ-9 வீதியில் இருக்கிறது. வீதியிலே போகும்வரை எந்த வண்டியும் போகும். வீதியை விட்டுத் தோட்டப் பாதைக்குத் திரும்பும்போதுதான் வண்டியின் உண்மையான சோதனை ஆரம்பமாகிறது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஓட்டுபவர் 70 கிலோ, வண்டி 60 கிலோ, பின்னால் ஒரு மூட்டை மிளகு 50 கிலோ. மொத்தம் 180 கிலோ. பத்து மீற்றர் போனால் ஒரு மீற்றர் உயரும் மண்பாதையில், மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் இந்தப் பாரத்தை ஏற்றுவதற்குச் சக்கரத்தில் ஏறக்குறைய 1600 வொட் வேண்டும். மோட்டார், செயின், கொன்ட்ரோலர் ஆகியவற்றில் ஐந்தில் ஒரு பங்கு வெப்பமாகப் போய்விடும். ஆகவே பெட்டரியிலிருந்து 2000 வொட் வர வேண்டும். மேடு இரண்டு மடங்கு செங்குத்தானால் வேகத்தை 15 ஆகக் குறைத்தாலும் ஏறக்குறைய அதே 2000 வொட் தேவைப்படும். ஆனால் சக்கரத்தைத் திருப்பும் விசை ஒன்றே முக்கால் மடங்காக வேண்டும்.

இந்த 2000 வொட் ஒரு நொடிக்கு வேண்டியதல்ல, மேடு முடியும்வரை வேண்டியது. விற்பனையாளர் சொல்லும் எண் ‘உச்ச’ எண்ணா, ‘தொடர்’ எண்ணா என்று முதலில் கேளுங்கள். உச்ச எண் சில விநாடிகளுக்கானது. தொடர் எண்தான் மூட்டையை மேலே கொண்டுபோகும்.

மோட்டார்: சக்கரத்திலா, நடுவிலா?

சந்தையில் இரு வகை உண்டு. ஒன்று பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே அமைந்த ஹப் மோட்டார். விலை குறைவு, செயின் இல்லை, பொருத்துவது இலகு. சமதரையில் பத்திரிகை, பாண் விநியோகிப்பவருக்கு இதுவே போதும். ஆனால் இதற்குக் கியர் குறைப்பு இல்லை. மேட்டில் சக்கரம் மெதுவாகச் சுழலும்போது மோட்டாரும் மெதுவாகவே சுழல வேண்டும். அப்போது அது மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கும். மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பிச்சுருளில் வெப்பம் நான்கு மடங்காகும். நீண்ட மேட்டில் ஹப் மோட்டார் எரிந்துபோவதற்குக் காரணம் இதுதான்.

மற்றது வண்டியின் நடுவில் பொருத்திச் செயின் மூலம் சக்கரத்தை இழுக்கும் மோட்டார். பற்சக்கரங்களின் விகிதத்தால் மோட்டார் வேகமாகச் சுழல, சக்கரம் மெதுவாகப் பலத்தோடு சுழலும். மேலே சொன்ன செங்குத்தான மேட்டுக்குச் சக்கரத்தில் ஏறக்குறைய 120 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை வேண்டும். எட்டுக்கு ஒன்று என்று குறைத்தால் மோட்டார் 15 கொடுத்தாலே போதும். பாரமும் நடுவில் அமைவதால் குழிகளில் பின்சக்கரம் உதைபடுவது குறையும். தோட்டப் பாதைக்கு இதுவே பொருத்தம். எமது உதாரணத்துக்கு 2 முதல் 3 கிலோவொட் தொடர் வலுவுள்ள நடு மோட்டார் அளவானது.

சீனாவின் சுரோன் கம்பனியின் ‘லைட் பீ’ வண்டி உலகெங்கும் பிரபலமானதும் இந்த நடு மோட்டார் அமைப்பினால்தான். ஆனால் ஏறக்குறைய 50 கிலோ எடையுள்ள அந்த வண்டி, ஓட்டுபவர் ஒருவரை ஏற்றிக்கொண்டு பாயச் செய்யப்பட்டது. மூட்டை ஏற்றுவதற்கு அதன் சட்டகத்தையும் சஸ்பென்ஷனையும் அப்படியே நம்பக்கூடாது.

பெட்டரி: பெரும் பணம் போகுமிடம்

மூன்றிலும் விலை கூடியது பெட்டரி. அதில் இரண்டு எண்கள் முக்கியம். ஒன்று எவ்வளவு சேமிக்கும் என்பது. வோல்ட்டை அம்பியர்-மணியால் பெருக்கினால் வொட்-மணி வரும். மேடும் சமமும் கலந்த மண்பாதையில் பாரத்தோடு கிலோமீற்றருக்கு 40 வொட்-மணி என்று கணக்கிடுவது பாதுகாப்பானது. நாளொன்றுக்கு 40 கிலோமீற்றர் என்றால் 1600. அதற்கு மேல் கால் பங்கு கையிருப்பு வைத்தால் 2000 வொட்-மணி. அதாவது 60 வோல்ட்டில் ஏறக்குறைய 34 அம்பியர்-மணி.

மற்றது ஒரே நேரத்தில் எவ்வளவு கொடுக்கும் என்பது. 2000 வொட்டுக்கு 48 வோல்ட் பெட்டரி 42 அம்பியர் கொடுக்க வேண்டும். 60 வோல்ட் என்றால் 33, 72 வோல்ட் என்றால் 28. வோல்ட் கூடினால் அம்பியர் குறையும், வயர் சூடாவதும் குறையும். பெட்டரிக்குள் இருக்கும் பீ.எம்.எஸ். என்ற காவல் பலகை எத்தனை அம்பியரைத் தொடர்ந்து அனுமதிக்கிறது என்று கட்டாயம் கேளுங்கள். அது 30 என்றால், 60 வோல்ட் வண்டி பாதி மேட்டில் மூட்டையோடு நின்றுவிடும். எமது உதாரணத்துக்கு 50 அம்பியர் தொடர் அளவுள்ள பலகை வேண்டும்.

வகையைப் பொறுத்தவரை, ஈய அமில பெட்டரி விலை குறைவு. ஆனால் 2000 வொட்-மணிக்கு அதன் எடை 50 கிலோவைத் தாண்டும். மிளகு மூட்டையின் இடத்தைப் பெட்டரியே பிடித்துக்கொள்ளும். லித்தியத்தில் என்.எம்.சி. எடை குறைந்தது, ஆனால் 500 முதல் 1000 தடவை சார்ஜ் செய்ததும் அதன் கொள்ளளவு குறிப்பிடத்தக்க அளவு குறையும். எல்.எஃப்.பி. எனப்படும் லித்தியம் இரும்பு பொஸ்பேற் எடை கூடியது. நல்ல செல் என்றால் 2000 தடவை வரை தாங்கும், வெப்பத்திலும் இலகுவில் தீப்பிடிக்காது. நாள்தோறும் உழைக்கும் வண்டிக்கு, தகரக் கூரைக் கடையில் நிறுத்தப்படும் வண்டிக்கு, எல்.எஃப்.பி.யே உகந்தது.

தீயைப் பற்றிச் சொல்வது பயமுறுத்துவதற்கல்ல. 2022 மார்ச்சில் தமிழ்நாட்டின் வேலூரில், வீட்டில் இரவில் சார்ஜில் போட்ட மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி ஒரு தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். அவ்வாண்டு நடந்த இப்படியான விபத்துகளுக்குப் பின்னர் இந்தியா ஏ.ஐ.எஸ். 156 என்ற பெட்டரி தரவிதியைக் கடுமையாக்கியது. 2022 டிசம்பரில் முதல் கட்டமும் 2023 மார்ச் இறுதியில் இரண்டாம் கட்டமும் அமுலுக்கு வந்தன. பழைய மடிகணினி செல்களை ஒட்டிக் கட்டிய பெட்டரியை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள், விற்காதீர்கள். வாசலை மறித்து வைத்துச் சார்ஜ் செய்யாதீர்கள்.

கொன்ட்ரோலர்: கணக்கப்பிள்ளை

பெட்டரி கொடுப்பதை மோட்டாருக்கு அளந்து கொடுப்பது கொன்ட்ரோலர். இங்கேதான் விற்பனையாளரின் பெரிய எண் மறைந்திருக்கும். பெட்டியில் ‘150 அம்பியர்’ என்றிருக்கும். அது மோட்டார் பக்கத்து பேஸ் அம்பியர். பெட்டரியிலிருந்து இழுப்பது அதுவல்ல. பெட்டரி அம்பியர் எல்லை எவ்வளவு என்று தனியே கேளுங்கள். அது பீ.எம்.எஸ். அளவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். எமது வண்டிக்கு பீ.எம்.எஸ். 50 என்றால் கொன்ட்ரோலரை 40 ஆக அமைக்கலாம்.

வோல்ட்டிலும் கவனம் தேவை. ‘72 வோல்ட்’ என்.எம்.சி. பெட்டரி முழுதாகச் சார்ஜ் ஆனால் 84 வோல்ட் இருக்கும். கொன்ட்ரோலர் அதைத் தாங்க வேண்டும். பிரேக் பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்தும் இணைப்பு, மழைத்தண்ணீர் புகாத உறை, பெட்டரிக்கு அருகிலேயே ஒரு பியூஸ் ஆகியன இல்லாமல் வண்டியை வெளியே விடக்கூடாது.

ஆக, மூன்றிலும் எது பலவீனமோ அதுதான் வண்டியின் பலம். 5 கிலோவொட் மோட்டாரை 30 அம்பியர் பெட்டரியோடு இணைத்தால், நீங்கள் வாங்கியது 5 கிலோவொட் வண்டியல்ல.

இறக்குமதியும் சட்டமும்

லித்தியம் பெட்டரி ஆபத்தான சரக்கு என்ற வகையைச் சேர்ந்தது. ஐ.நா. 38.3 பரிசோதனை அறிக்கை இல்லாமல் முறையான கப்பல் கம்பனியோ விமானக் கம்பனியோ அதை ஏற்காது. தனியாகப் பொதி செய்த லித்தியம் அயன் பெட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக அனுப்புவது 2016 ஏப்ரல் முதல் தடை. முன்பணம் கட்டும் முன்னரே அறிக்கையின் பிரதியைக் கேட்டு, அதிலுள்ள மாதிரி இலக்கமும் பெட்டரியில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள்.

பதிவும் காப்புறுதியும் இல்லாத வண்டியை ஏ-9 வீதியில் ஓட்ட முடியாது. பெற்றோல் வண்டியை மின்சாரத்துக்கு மாற்றினால் பதிவுப் புத்தகத்திலுள்ள விபரம் மாறிவிடுகிறது. ஆகவே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் எழுத்தில் விளக்கம் பெற்ற பின்னரே பொருட்களுக்கு ஓடர் கொடுங்கள். வாடிக்கையாளரிடம் ‘பதிவு பிறகு பார்க்கலாம்’ என்று சொல்லி விற்றால், பொலிஸ் வண்டியைப் பிடிக்கும் அன்று அவர் தேடி வருவது உங்கள் கடையைத்தான்.

இலாபமா, நட்டமா?

நூறு கிலோமீற்றருக்குப் பெற்றோல் வண்டிக்கு 2.5 லீற்றர் வேண்டும். 2022 ஜூன் விலையில் அது 1175 ரூபா. மின்சார வண்டிக்கு 4 அலகு, சார்ஜர் இழப்போடு ஏறக்குறைய நாலரை அலகு. உங்கள் கடையின் மின்பட்டியலிலுள்ள அலகு விலையால் அதைப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

அத்தோடு நிறுத்தினால் கணக்கு முழுமையாகாது. பெட்டரியின் தேய்மானத்தையும் சேர்க்க வேண்டும். 2000 வொட்-மணி எல்.எஃப்.பி. பெட்டரியை 1500 தடவை, ஒவ்வொரு தடவையும் ஐந்தில் நான்கு பங்கு பயன்படுத்தினால், 60,000 கிலோமீற்றர் கிடைக்கும். என்.எம்.சி.யை 700 தடவை என்று கொண்டால் 28,000. பெட்டரியின் விலையை இந்த எண்ணால் வகுத்தால் கிலோமீற்றருக்கான தேய்மானம் தெரியும். கூடிய விலை எல்.எஃப்.பி. பெட்டரி பல வேளைகளில் மலிவானதாக முடிவது இந்தக் கணக்கில்தான்.

பொருத்தி விற்கும் தொழிலில் இறங்குபவர்கள் விற்பனைச் சிட்டையில் மூன்று எண்களை எழுதிக் கொடுப்பது நல்லது: மோட்டாரின் தொடர் வலு, பெட்டரியின் வொட்-மணி, பீ.எம்.எஸ்.இன் தொடர் அம்பியர். வண்டி எத்தனை கிலோவோடு எந்த மேட்டில் ஏறும் என்பதையும் சொல்லிவிடுங்கள். உங்கள் ஊரிலேயே செங்குத்தான பாதையில், மூட்டையை ஏற்றி, வாங்குபவரையே ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மேலே போய்ச் சேர்ந்ததும் மோட்டாரைத் தொட்டுப் பார்க்கட்டும். கை வைக்க முடியாத அளவு சுட்டால் அந்தப் பாதைக்கு அந்த வண்டி போதாது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அன்று ஒரு விற்பனை குறையலாம், ஆனால் அவர் அடுத்த வண்டிக்கும் உங்களிடமே வருவார்.