தடம் பதிக்கும் கற்கள்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் டெத் வேலி, அதாவது மரணப் பள்ளத்தாக்கு என்றொரு பாலைவனம் உள்ளது. அதன் உட்பகுதிக்கு நீங்கள் செல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். உபெஹீபி எரிமலை வாய்க்கு அருகே தார்ச்சாலை முடிந்துவிடுகிறது. அப்பால் சுமார் 43 கிலோமீட்டர் கரடுமுரடான மண்பாதைதான். கூரிய கற்கள் டயரைக் கிழித்துவிடும். வழியில் குடிநீரும் இல்லை. மாற்றுச் சக்கரமும் போதிய தண்ணீரும் இல்லாமல் கிளம்புவது வீரமல்ல, அசட்டுத்தனம்.

பாதையின் கோடியில் ரேஸ்டிராக் பிளாயா என்ற வறண்ட ஏரிப்படுகை வரும். காய்ந்து வெடித்த சேறு, தளம் போட்டாற்போல் மட்டமாகக் கிடக்கும். அதன்மேல் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கற்கள்; சில 300 கிலோ கனம்கூட இருக்கும். பல கற்களுக்குப் பின்னால் நீண்ட தடம்! இழுத்தவர் யார்? காலடிச் சுவடோ இல்லை. ஈரச் சேற்றில் மிதித்தால் அந்தச் சுவடு ஆண்டுக்கணக்கில் அழியாது. (ஆகவே மழைக்குப்பின் நீங்களும் அதில் இறங்கக்கூடாது.)

புயற்காற்றுதான் தள்ளியது என்று சிலர் எண்ணினர். 2011இல் ரிச்சர்டு நாரிஸ், ஜேம்ஸ் நாரிஸ் குழுவினர் வெளியிலிருந்து 15 கற்களைக் கொண்டுவந்து, ஜி.பி.எஸ். கருவி பொருத்தி அங்கே வைத்தனர். 2013 டிசம்பரில் கற்கள் நகர்வதைக் கண்ணாலேயே கண்டனர்!

படுகையில் சில சென்டிமீட்டர் மழைநீர் தேங்கியிருந்தது. இரவுக் குளிரில் அதன்மேல் ஜன்னல் கண்ணாடிபோல் மெல்லிய பனிக்கட்டி உறைந்தது. வெயில் ஏறியதும் அது பெரும் பாளங்களாக உடைந்தது. இளங்காற்று பாளங்களைத் தள்ள, பாளங்கள் கற்களைத் தள்ளின. வேகம் நிமிடத்துக்கு 2 முதல் 6 மீட்டர்தான்; தொலைவிலிருந்து பார்த்தால் நகர்வதே தெரியாது. கட்டி உருகி, நீரும் வற்றிய பிறகு எஞ்சி நிற்பவை கல்லும் தடமும் மட்டுமே.