எண் கேட்காத அரட்டையும் ஸ்பேம் தொல்லையும்

வாட்ஸ்அப்பில் கணக்கு தொடங்கக் கைபேசி எண் வேண்டும். ஜாபருக்கு வேண்டாம். 1999-ல் தொடங்கி, எக்ஸ்எம்பிபி என்ற பெயரில் இன்றும் நடக்கும் இந்த வலையமைப்பில் யார் வேண்டுமானாலும் சொந்தமாகச் சர்வர் நடத்தலாம். ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொன்றில் இருப்பவரோடு பேசலாம், மின்னஞ்சலைப் போல. பல சர்வர்களில் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தாலே கணக்கு தயார். தன் எண்ணை வெளியே சொல்ல அஞ்சும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய வசதி!

ஸ்பேம் அனுப்புகிறவர்களுக்கும் அதுவே வசதியாகிவிட்டது. நிர்வாகி கவனிக்காமல் விட்ட சிறு சர்வர்களாகப் பார்த்துக் கணக்குகளைக் குவித்தார்கள். முன்பின் தெரியாதவர்களின் செய்தியைத் தடுத்தால், நட்புக் கோரிக்கையாக வந்தது ஸ்பேம். அந்தச் சர்வரையே துண்டித்தால், அதிலுள்ள நல்லவர்களின் பேச்சும் அறுந்துபோகிறது. 2014-ல் வந்த, இதே போன்ற மேட்ரிக்ஸ் வலையமைப்பில் தொல்லை வேறு வடிவம். குழு அழைப்போடு குழுவின் பெயரும் படமும் சேர்ந்தே வருவதால், ஏற்பதா மறுப்பதா என்று யோசிக்கும் முன்பே ஆபாசப் படம் கண்ணில் பட்டுவிடலாம்.

ஸ்பேமைத் தடுக்க, செய்தி அனுப்பும் கணினியை முதலில் ஒரு கடினமான கணக்குப் போட வைக்கலாம் என்று 1992-லேயே சிந்தியா டுவொர்க்கும் மோனி நாவோரும் யோசனை சொன்னார்கள். நாஸ்டர் வலையமைப்பில் இன்று இதற்கு இடமுண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஸ்பேம் அனுப்புகிறவரின் வாடகைக் கணினி நொடியில் போடும் கணக்கு, பழைய மலிவுக் கைபேசியின் பேட்டரியைத் தின்றுவிடும். படத்திலுள்ள எழுத்தைப் படிக்கச் சொல்லும் கேப்ச்சாவோ பார்வையற்றவரைத்தான் முதலில் வாசலில் நிறுத்துகிறது.

ஸ்பேமைத் தடுக்கும் சுமையைச் சர்வர் நடத்துபவர்தான் சுமக்க வேண்டும். மேட்ரிக்ஸின் சினாப்ஸ் மென்பொருள் 2022-ல் அப்படித்தான் மாறியது. எந்தச் சரிபார்ப்பும் இல்லாமல் கணக்குப் பதிவைத் திறந்துவைத்தால் சர்வர் இயங்கவே மறுக்கும். தெரிந்தேதான் திறக்கிறேன் என்று நிர்வாகி தனியாகக் குறிப்பிட்டாக வேண்டும். எக்ஸ்எம்பிபி வழியில் வந்த ஸ்னிக்கெட், அழைப்பு இணைப்பை நம்புகிறது. தெரிந்தவர் அனுப்பிய இணைப்பைத் தொட்டுப் போனால் கணக்கு கிடைத்துவிடும், சர்வரைத் தேடி அலைய வேண்டாம். குடும்பத்துக்கும் நண்பர் குழுவுக்கும் இதுவே போதும்.

ஆனால் வீட்டு வன்முறைக்கு ஆளானவர் உதவி மையத்தை நாடும்போது, அழைப்பை யாரிடம் போய்க் கேட்பார்? அவருக்காகத் திறந்த பதிவும் இருக்கத்தான் வேண்டும். முன்பின் தெரியாதவரின் முதல் செய்தி, படமோ இணைப்போ இல்லாத வெறும் எழுத்தாகத் தனிப் பட்டியலில் வரட்டும். பெறுபவர் பதில் போட்ட பிறகு மற்றதெல்லாம் திறக்கட்டும்.