எந்த ஆண்டிலிருந்து எண்ணுவது?

2020 ஜூன் மாதக் கடைசி. ஆயிரக்கணக்கான விமானங்கள் பறக்க வழியின்றித் தரையில் நின்றிருந்தன. அந்த நேரத்தில் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் (ஐ.சி.ஏ.ஓ.) கவுன்சில் ஒரு திருத்தம் செய்தது. ‘2019, 2020 ஆகிய ஆண்டுகளின் சராசரி’ என்று இருந்ததை, 2021 முதல் 2023 வரையிலான காலத்துக்கு மட்டும் ‘2019’ என்று மாற்றியது. அந்த மூன்று ஆண்டுகளில் விமான நிறுவனங்கள் தம் கார்பன் உமிழ்வுக்காக ஈடுகட்ட வேண்டிய அளவு கடைசியில் பூஜ்யமாகவே முடிந்தது.

பின்னணி இதுதான். உள்நாட்டு விமானங்கள் விடும் புகை அந்தந்த நாட்டின் கணக்கில் சேரும். ஆனால், சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குப் பறக்கும் விமானத்தின் புகையை யார் கணக்கில் எழுதுவது? இதற்காக 2016-இல் ஐ.சி.ஏ.ஓ. பேரவை ‘கோர்சியா’ என்ற திட்டத்தை ஏற்றது. ஓர் அடிப்படை அளவைத் தாண்டிப் போகும் உமிழ்வுக்கு ஈடாக, விமான நிறுவனங்கள் கார்பன் வரவுகளை வாங்க வேண்டும். காடு காக்கும் திட்டமோ வேறு ஏதோ ஒன்றோ, எங்கோ குறைக்கப்பட்ட ஒரு டன்னுக்கு ஒரு வரவு.

ஆக, சண்டை முழுவதும் அந்த அடிப்படை அளவில்தான்.

2019-இன் உமிழ்வை 100 என்று வைத்துக்கொள்வோம். கொரோனாவால் 2020-இல் அது பாதிக்கும் கீழே சரிந்தது. இரண்டின் சராசரி 75-ஐக்கூடத் தொடாது. போக்குவரத்து மீண்டு பழைய 100-ஐ எட்டும் ஆண்டில், நிறுவனங்கள் தம் உமிழ்வில் கால் பங்குக்கு மேல் ஈடுகட்ட வேண்டியிருக்கும். 2019 மட்டுமே அடிப்படை என்றால், அதே ஆண்டில் ஒரு டன்கூட ஈடுகட்ட வேண்டாம். பறந்த விமானங்களும் எரிந்த எரிபொருளும் இரண்டிலும் ஒன்றே.

‘ஊரடங்கு ஆண்டை அளவுகோலாக்கினால் எங்களைத் தண்டிப்பதாகும்’ என்றனர் விமான நிறுவனத்தார். ‘வசதியில்லாத எண் வந்ததும் விதியை மாற்றுவதா?’ என்றனர் சூழலியலாளர்கள். நிறுவனங்களின் முறையீட்டில் நியாயம் உண்டு. ஐ.சி.ஏ.ஓ. புள்ளிவிவரப்படி 2019-இல் சுமார் 450 கோடியாக இருந்த விமானப் பயணிகளின் எண்ணிக்கை, மறு ஆண்டு ஏறத்தாழ 180 கோடியானது. நிறுவனங்கள் இழந்த பயணிக் கட்டண வருவாய் சுமார் 37,000 கோடி டாலர். ஆனால், சராசரி எடுப்பதே ஓர் ஆண்டின் விபரீதத்தை மட்டுப்படுத்தத்தானே. விபரீதம் வந்தவுடன் சராசரியைக் கைவிட்டது எனக்கு உறுத்தலாகவே படுகிறது.

2022 அக்டோபரில் மாண்ட்ரியலில் கூடிய பேரவை, 2024 முதல் 2035 வரைக்கும் அடிப்படை அளவை 2019-இன் 85 விழுக்காடு என்று நிர்ணயித்தது. எந்த அடிப்படையை எடுத்தால் எவ்வளவு செலவாகும் என்ற மதிப்பீடுகள் உறுப்பு நாடுகள் முன் இருந்தன. இருந்தாலும், 85 சூத்திரத்தில் கிடைத்த விடையல்ல, பேரத்தில் படிந்த எண். பொருளாதார ஆய்வு பேரத்தை ஒழித்துவிடவில்லை. எந்த எல்லைக்குள் பேசலாம் என்று மட்டும் காட்டியது.

கணக்கில் இன்னொரு நுணுக்கம். மொத்தத் துறையின் உமிழ்வில் அடிப்படைக்கு மேலே போன பகுதி எத்தனை விழுக்காடோ, அதே விழுக்காட்டை ஒவ்வொரு நிறுவனமும் தன் உமிழ்வில் ஈடுகட்ட வேண்டும். துறை 100-இல் நின்றால், 85-க்கு மேல் உள்ள 15 அதன் நூற்றில் பதினைந்து. பத்து லட்சம் டன் உமிழும் நிறுவனம் ஒன்றரை லட்சம் டன்னுக்கு வரவு வாங்க வேண்டும். அந்த நிறுவனம் வளரவே இல்லை என்றாலும் இதே கணக்குதான். வேகமாக வளரும் நிறுவனத்தின் சுமையில் ஒரு பகுதி வளராதவர் தலையில் ஏறுகிறது. 2033 முதல்தான், அதுவும் 15 விழுக்காட்டளவுக்கே, தனி நிறுவனத்தின் வளர்ச்சி கணக்கில் வரும்.

இந்தக் கணக்குகளுக்கு வேண்டிய போக்குவரத்துத் தரவு எங்கிருந்து வருகிறது? 1944 டிசம்பர் 7 அன்று கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கையின் 67-வது பிரிவிலிருந்து. சர்வதேச விமான நிறுவனங்கள் தம் போக்குவரத்து, செலவு, வரவு விவரங்களைக் கவுன்சிலுக்குத் தர உறுப்பு நாடுகள் பொறுப்பேற்றன. போர் இன்னும் முடியாத நேரத்தில் இப்படியொரு பிரிவை யோசித்து எழுதியவர்களை வியக்காமல் இருக்க முடியவில்லை.

விமானத் துறையில் தலை எண்ணுவது அதிகம் உதவாது. சென்னையிலிருந்து துபாய் வழியாக லண்டன் போகும் ஒருவர், இரண்டு விமானங்களில் ஏறுவதால் இரண்டு பயணிகளாகப் பதிவாகிறார். 450 கோடி என்பதும் அப்படி வந்த எண்தான். அதனால் தூரத்தையும் எடையையும் பெருக்குகிறார்கள். பயணிகள், சரக்கு, தபால் எல்லாவற்றையும் டன்னாக்கி, பறந்த கிலோமீட்டரால் பெருக்கினால் கிடைப்பது டன்-கிலோமீட்டர். ஒரு நாட்டு நிறுவனங்கள் பறந்ததெல்லாம் அந்த நாட்டின் கணக்கில் சேரும். அதனால்தான் ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், சிங்கப்பூர் ஆகியவை மக்கள்தொகைக்குச் சம்பந்தமில்லாத உயரத்தில் நிற்கின்றன.

இந்த டன்-கிலோமீட்டர்தான் யார் கட்டாயமாகச் சேர வேண்டும் என்பதையும் முடிவு செய்கிறது. 2026 வரை கோர்சியாவில் ஈடுகட்டுவது நாடுகளின் விருப்பம். 2027 முதல், 2018-ஆம் ஆண்டின் சர்வதேச டன்-கிலோமீட்டரில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் பங்கு வைத்திருந்த நாடுகளுக்குக் கட்டாயம். பெரிய பங்கிலிருந்து வரிசையாகக் கூட்டி 90 விழுக்காட்டை எட்டும்வரை வரும் நாடுகளுக்கும் அப்படியே. மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கும், சிறு தீவு நாடுகளுக்கும், கடற்கரையில்லாத வளரும் நாடுகளுக்கும் விலக்கு உண்டு.

விருப்பக் கட்டத்தில் இந்தியா சேரவில்லை, சிங்கப்பூர் சேர்ந்தது. வழித்தடத்தின் இரு முனைகளும் திட்டத்தில் இருந்தால்தான் ஈடுகட்ட வேண்டும். ஆகவே, சென்னை–சிங்கப்பூர் தடத்தில் எந்த நாட்டு விமானம் பறந்தாலும் 2026 முடியும்வரை ஈடு இல்லை. 2027-இல் இந்தியா உள்ளே வரும்போது அதே தடம் கணக்கில் ஏறும். வரவின் சந்தை விலையைப் பொறுத்து அந்தச் செலவு டிக்கெட்டில் எவ்வளவு எட்டிப்பார்க்கும் என்பது அப்போது தெரியும்.

திட்டத்தை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசீலிக்க வேண்டும் என்பது விதி. 2035-க்குப் பிறகு நீட்டிப்பதா, நிறுத்துவதா என்பதை 2032 இறுதிக்குள் ஆராய வேண்டும். அந்த மேசையிலும் முதல் கேள்வியாக அடிப்படை ஆண்டு எது என்பதே எழும் என்று எதிர்பார்க்கலாம்.