பாதியில் சேர்ந்தாலும் படிக்கலாம்!



எங்கள் பெரியம்மா மகள் ஜப்பானில் இருக்கிறார். அத்தானுக்கு அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. 2024 செப்டம்பரில் நாலு வயசுக் குழந்தையோடு அக்காவும் போனார்.

குழந்தையை அங்கே பாலர் பள்ளியில் சேர்த்தார்கள். மதியச் சாப்பாடு பள்ளியிலேயே உண்டு. ஒருநாள் டீச்சர் கையால் எழுதிய தாள் ஒன்று வந்தது. அக்காவுக்குப் படிக்கத் தெரியவில்லை. போனில் காட்டினால் ஏதேதோ வந்ததாம். மறுநாள் சுற்றுலா, வீட்டிலிருந்து சாப்பாடு கட்டித் தர வேண்டும் என்று அதில் இருந்திருக்கிறது. எல்லாப் பிள்ளைகளும் டப்பாவைத் திறந்தபோது அக்கா குழந்தை மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தது. டீச்சர்தான் தன் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்தாராம். "அன்னைக்கு ராத்திரி பூரா அழுதேன்டி" என்று அக்கா போனில் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் இலவச வகுப்புக்குப் போனார். ஜப்பானில் பல ஊர்களில் வெளிநாட்டுக்காரர்களுக்கு சமுதாயக் கூடத்தில் ஜப்பானிய மொழி சொல்லித் தருகிறார்கள். சில இடத்தில் புத்தகக் காசு மட்டும் கேட்பார்கள். சொல்லித் தருபவர்களில் நிறையப் பேர் சம்பளம் வாங்காமல் வரும் ஊர்க்காரர்கள்.

அங்கே ஏப்ரலில் பாடம் தொடங்கும். அக்கா போனது அக்டோபரில். மற்றவர்கள் 12ஆம் பாடத்தில் இருந்தார்கள். அக்காவுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. வெட்கப்பட்டு வாசலிலேயே நின்றாராம். ஒரு பாட்டி வந்து "தய்ஜோபு" என்றார். 'பரவாயில்லை' என்று அர்த்தம். அக்காவைக் கூட்டிப்போய், தனியாக எதிரே உட்கார்ந்து முதல் எழுத்திலிருந்து தொடங்கினார். இப்படி ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லித் தருகிற வகுப்பில் எந்த மாதமும் சேரலாம்.

பாதியில் சேர்ந்தவர் எப்படிப் பிடிப்பது? அக்கா சொன்னவை:

1. முதலில் எழுத்து. ஹிரகானா எழுத்துகள் 46. வரிசை எப்படி தெரியுமா? அ, இ, உ, எ, ஒ! அடுத்து க, கி, கு, கெ, கொ! புத்த மதத்தோடு அங்கே போன சமஸ்கிருத எழுத்துப் படிப்பிலிருந்து வந்த வரிசை இது. அதனால் நமக்கு சுலபம். பிறகு கதகானா 46. காஞ்சி எழுத்துகள் பொதுப் பட்டியலில் மட்டும் 2136. அதை மெதுவாகத்தான் படிக்க முடியும்.

2. அடுத்து வாக்கியம். "வதாஷி வ கோஹன் ஒ தபெமாஸ்" என்றால் "நான் சோறு சாப்பிடுகிறேன்". நம்மைப் போலவே வினைச்சொல் கடைசியில். 'ஒ' என்பது நம் 'ஐ' உருபு மாதிரி. கடைசியில் 'கா' சேர்த்தால் கேள்வி, நாம் 'ஆ' சேர்ப்பது போல.

3. புரியாவிட்டால் வாய் திறந்து கேட்க வேண்டும். "மோ இச்சிதோ ஒநெகாய்ஷிமாஸ்" என்றால் "இன்னொரு தடவை சொல்லுங்க". அக்கா இதைத்தான் அதிகம் சொன்னாராம்.

மொழி தெரியாவிட்டால் உயிருக்கே ஆபத்து வரலாம். 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரப் பக்கம் பெரிய பூகம்பம் வந்தது. அப்போது எச்சரிக்கை அறிவிப்புகள் வெளிநாட்டுக்காரர் பலருக்குப் புரியவில்லை. அதற்குப் பிறகு 'எளிய ஜப்பானிய மொழி' என்று ஒரு முறையை அறிஞர்கள் உருவாக்கினார்கள். 'ஹினான்ஜோ' என்ற கஷ்டமான சொல்லுக்குப் பதிலாக 'நிகெரு தொகோரோ', அதாவது 'தப்பி ஓடும் இடம்' என்று சொல்வார்கள். தெரிந்தவர்கள் இறங்கி வந்து பேசுவதும் ஒரு உதவிதான்!

அடுத்த சுற்றுலாவுக்குத் தாள் வந்தபோது 'ஒபெந்தோ' என்ற சொல்லை அக்காவே எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டார். சாப்பாட்டு டப்பா என்று அர்த்தம். எலுமிச்சை சாதம் கட்டிக் கொடுத்தாராம்!

இதைக் கேட்டதும் எனக்கு ஒன்று உறுத்தியது. நம் வகுப்பிலும் தீபாவளிக்குப் பிறகு ஒரு பிள்ளை சேர்ந்தாள். அவள் அப்பா அம்மா செங்கல் சூளையில் வேலை செய்கிறார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கூட என் நோட்டைக் கொடுக்கவில்லை. திங்கட்கிழமை கொடுத்தேன்.

பாதியில் வருபவருக்கு முதல் பாடம் "பரவாயில்லை, வா". அதைச் சொல்ல டீச்சராக இருக்க வேண்டியதில்லை.



ஒன்பதாம் வகுப்பு மாணவி